படர்தாமரை வந்த கடையிலிருந்து என் மகளுக்கு

இசக்கி,

வருகிற திங்கட்கிழமை நீ தருமபுரிப் பக்கத்து மலையூர் ஒன்றில், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக வேலைக்குச் சேரப்போகிறாய். உன் அம்மா மூன்று நாளாகப் பொடி இடித்துக்கொண்டும் முறுக்கு சுட்டுக்கொண்டும் இருக்கிறாள். எனக்கு அந்த வேலையெல்லாம் தெரியாது. பத்தாவது வரை படித்தவன், கடைக்கு வருகிறவர்களுக்குப் பேப்பர் வாசித்துக் காட்டியே எழுத்து பழகியவன். அதனால் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். முடிதிருத்துவோர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று செயலாளர் இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மகளுக்கு எழுதுகிற கடிதத்தையே தருகிறேன் என்றேன். "வீட்டு லெட்டர மலர்ல போடலாமா அண்ணாச்சி?" என்று தயங்கினார். இது கடை விஷயமும்தான், எல்லாக் கடைக்காரர்களும் படிக்கவேண்டியது என்று சொன்னேன். அதனால் உனக்குத் தெரிந்த கதையையே தெரியாதவர்களும் புரிந்துகொள்கிற மாதிரி முதலிலிருந்து சொல்லப்போகிறேன். பொறுத்துக்கொள்.

நாலு வருஷத்துக்கு முன்னால், பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதம். நீ பாளையங்கோட்டையில் மருந்தாளுநர் படிப்பில் இரண்டாம் ஆண்டு. தச்சநல்லூரில் நம் கடையில் அந்த வாரம் உட்கார இடம் இருக்காது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மாமார்கள் வாசலிலேயே நிற்பார்கள். எல்லாருக்கும் ஒட்ட வெட்டவேண்டும், சீக்கிரம் வெட்டவேண்டும். ஒரு தலையில் ஓட்டிய மிஷினைத் துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு அடுத்த தலைக்குப் போய்விடுவேன். டெட்டால் தண்ணீர் ஒரு கிண்ணத்தில் இருக்கும். சீப்பை அதில் முக்கி எடுப்பேன். காலையில் ஊற்றிய தண்ணீர் சாயங்காலம் வரைக்கும் அதேதான். அந்த வாசனை வந்தால் சுத்தம் என்று வாடிக்கையாளரும் நம்பினார்கள், நானும் நம்பினேன். முப்பது வருஷம் அப்படித்தான் நடந்தது. நான் சுத்தக்காரன் என்று தெருவில் பெயர் வேறு.

ஜூலை பாதியில் ஒருநாள் காலையில் செண்பகம் வந்தாள். பீடி சுற்றுகிற பெண். புருஷன் வெளியூரில் கட்டட வேலை. அவள் மகன் முத்துவுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. அவனைத் திருப்பி நிறுத்தி பின்மண்டையைக் காட்டினாள். அரை ரூபாய் அகலத்துக்கு முடி உதிர்ந்து, செதில் செதிலாக, நடுவில் முடி ஒடிந்து கரும்புள்ளிகளாக இருந்தது. "அண்ணாச்சி, இங்கன வெட்டிட்டுப் போனதுக்கு அப்புறந்தான் இது வந்துச்சு" என்றாள். அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் சட்டென்று, "பூச்சிவெட்டு. வெயில்ல திரியுதான்லா, அதான்" என்றேன். சொல்லிவிட்டு மேசை டிராயரைத் திறந்து ஒரு களிம்பு டியூபை எடுத்துக் கொடுத்தேன். "காலையும் சாயங்காலமும் பூசு. மூணு நாள்ல போயிரும்" என்றேன். டாக்டர் மாதிரியே சொன்னேன். எனக்குத் தெரியாத ஒரு விஷயத்தைத் தெரிந்த மாதிரிச் சொன்ன அந்தக் குரலை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அந்த டியூப் என் மேசைக்குள் எப்படி வந்தது என்பதைச் சொல்லவேண்டும். உனக்குத் தெரியும், சங்கத்து ஆட்களுக்குத் தெரியாது. அந்த வருஷம் மாசி மாதத்திலேயே என் இடது முன்கையில் வட்டமாக ஒரு அரிப்பு வந்திருந்தது. ஓரம் சிவந்து தடித்து, நடுவில் தெளிந்து, ஒரு வளையம் மாதிரி. பிள்ளைகளின் தலையை நான் அந்தக் கையில்தான் சாய்த்துப் பிடிப்பேன். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் ஒரு களிம்பு வாங்கிப் பூசினேன். இரண்டு நாளில் அரிப்பு நின்றது, நிறமும் மங்கியது. நிறுத்தினால் ஒரு வாரத்தில் முன்னைவிடப் பெரிதாக வந்தது. மறுபடி பூசினேன். இப்படி ஐந்து மாதம். வாடிக்கையாளர் கண்ணில் படக்கூடாது என்று அந்தச் சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வேலை செய்தேன். "என்ன அண்ணாச்சி, ஆபீசர் ஆயிட்டியளா?" என்று கிண்டல் செய்தார்கள். நானும் சிரித்துக்கொண்டேன். எனக்கு இருப்பது வியாதி என்று தெரியும். அது பிள்ளைகளுக்கு ஒட்டும் என்று உள்மனதில் தெரியாமலா இருந்தது? யோசிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன், அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்து செண்பகம் மறுபடி வந்தாள். சனிக்கிழமை, கடை நிறைய ஆள். நீயும் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து உள்ளே நின்றிருந்தாய். முத்துவின் தலையில் அந்த இடம் இப்போது பழுத்த பழம் போல வீங்கி, மெத்தென்று ஆகி, சீழ் கசிந்துகொண்டிருந்தது. கழுத்தில் நெறி கட்டியிருந்தது. பையனுக்குக் காய்ச்சல். செண்பகம் இந்தத் தடவை சத்தமாகவே கேட்டாள். "ஒங்க மிசினுதான், ஒங்க மருந்துதான். எம்பிள்ளைக்கு நீங்க என்ன பதில் சொல்லுதிய?" எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவளை வெளியே போகச் சொன்னேன். "பிள்ளைய குளிப்பாட்டத் துப்பில்ல, எங்கடையில வந்து பழி போடுதியா?" என்றேன். நான் சொன்ன வார்த்தை அதுதான். குறைத்து எழுதினால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை.

நீ தூக்குவாளியை மேசையில் வைத்துவிட்டு அவள் பின்னாலேயே போய்விட்டாய். அன்றைக்கே அவளையும் பையனையும் பஸ்ஸில் ஏற்றிப் பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறாய். தோல் டாக்டர் அம்மா ஒடிந்த முடியையும் செதிலையும் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்து, தலையில் வருகிற படர்தாமரை என்று சொன்னார்கள். பூஞ்சைக்கிருமி, ஆளுக்கு ஆள் ஒட்டக்கூடியது. வீக்கத்தைப் பார்த்துக் கட்டி என்று நினைத்துக் கீறிவிடாதீர்கள், கீறத் தேவையில்லை, மாத்திரையிலேயே வற்றிவிடும் என்றார்களாம். பிறகு, "எங்கே முடி வெட்டினீங்க? அந்தக் கடையில வெட்டின மத்த பிள்ளைகளையும் பார்க்கணுமே" என்று கேட்டிருக்கிறார்கள். செண்பகம் வாயைத் திறக்குமுன் நீ சொன்னாயாம்: "அது எங்க அப்பா கடைதான் டாக்டர். நான் எல்லாத்தையும் கூட்டிட்டு வாரேன்." இதை நீ என்னிடம் சொல்லவில்லை. பிற்பாடு செண்பகம்தான் உன் அம்மாவிடம் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து நீ என்னிடம் சொன்னது வேறு. "எப்பா, ஒரு வாரம் கடைய அடைக்கணும். மிஷின், சீப்பு, துணி எல்லாத்தையும் முறையா சுத்தம் பண்ணணும். முத்துவுக்கு வெட்டுன அன்னைக்கு வந்த மத்த பிள்ளைகள் பேரெல்லாம் எனக்கு வேணும்" என்றாய். நான் ஆடிவிட்டேன். "என் கடைக்கு நீயே பூட்டுப் போடுதியாட்டி? நாளைக்கு எவன் தலைய கொடுப்பான் எங்கிட்ட? நாலு எழுத்து படிச்சிட்டா அப்பன் தொழில் நாறிப்போகுதோ?" என்று கத்தினேன். நீ அழுதாய், ஆனால் சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை. உன் அம்மாதான் சோற்றுப்பானையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "அவ சொல்லுதது பொய்யின்னா நீங்க ஏன் இப்படிச் சத்தம் போடுதிய?" என்றாள். நாலு நாள் உன்னிடம் பேசாமல் இருந்தேன். கடையைத் திறந்துதான் வைத்திருந்தேன்.

ஐந்தாம் நாள் காலையில் கொல்லைக் குழாயடியில் நான் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். சட்டைக் கையைச் சுருட்டியிருந்தேன். நீ வாளி எடுக்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டாய். வளையம் அப்போது முழங்கை வரைக்கும் ஏறியிருந்தது. நான் கையை மறைக்கப் பார்த்தேன். "கையக் காட்டுங்கப்பா" என்றாய். உன் குரலில் கோபமே இல்லை. சின்னப் பிள்ளையிடம் கேட்கிற மாதிரிக் கேட்டாய். காட்டினேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அரிக்குதாப்பா? எத்தன நாளா?" என்றாய். "மாசியில இருந்து" என்றேன். "இத வச்சிக்கிட்டு எப்படிப்பா தூங்குனிய?" என்று கேட்டாய். ஏன் மறைத்தீர்கள் என்று நீ கேட்டிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன். எப்படித் தூங்கினீர்கள் என்று கேட்டதில் உடைந்துபோய்விட்டேன். அந்தக் குழாயடியில் உட்கார்ந்து அழுதேன். உன் முன்னால் நான் அழுதது அந்த ஒரு தடவைதான்.

அப்புறம் இருவரும் உட்கார்ந்து பட்டியல் போட்டோம். எனக்கு ஆட்களின் பெயர் மறந்துபோகும், தலை மறக்காது. "பெருமாள் கோயில் தெரு ரெட்டைச் சுழிப் பயல், தண்ணித்தொட்டி பக்கத்துல முன்னெத்தியில தழும்பு உள்ளவன், ரேஷன் கடைக்கு எதுத்த வீட்டுல சுருட்டைமுடி அண்ணன் தம்பி" என்று நான் சொல்லச் சொல்ல நீ எழுதினாய். பதினாலு பிள்ளைகள். கடைக் கதவில் தொங்கவிட 'ஒரு வாரம் விடுமுறை' என்று ஒரு அட்டை எழுதினேன். நீ அதை வாங்கி, கீழே 'கருவிகள் சுத்தம் செய்வதற்காக' என்று எழுதிச் சேர்த்தாய். எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் தடுக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய் என் கையைக் காட்டினோம். அந்தக் களிம்பில் இருக்கிற ஸ்டீராய்டு அரிப்பை அமுக்குமே தவிர கிருமியைக் கொல்லாது, உள்ளுக்குள் நன்றாக வளரவிடும் என்று டாக்டர் அம்மா விளக்கினார்கள். முத்துவுக்கு நான் கொடுத்தது அதேதான். என்னிடமிருந்து பிள்ளைகளுக்குப் போனதா, ஒரு பிள்ளையிடமிருந்து எனக்கும் மற்றவர்களுக்கும் வந்ததா என்று இனிக் கண்டுபிடிக்க முடியாது என்றார்கள். நான் அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிட நினைக்கவில்லை. ஒட்டுகிற வியாதியை மறைத்துக்கொண்டு ஐந்து மாதம் தலைகளைத் தொட்டேன். அதுவே போதும்.

வீடு வீடாகப் போனதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். முதல் இரண்டு வீட்டில் கேட்டுக்கொண்டு பிள்ளையின் தலையைக் காட்டினார்கள். மூன்றாவது வீட்டில், வாழைத்தார் மண்டியில் சுமை தூக்குகிறவர், என் சட்டையைப் பிடித்துவிட்டார். "ஏலே, எம்பிள்ள தலையில வியாதிய ஏத்திட்டு, வீடு தேடி வந்து வேற சொல்லுதியோ?" என்றார். என்னைவிட இருபது வயது சின்னவர். தெரு முழுக்க வேடிக்கை. நீ நடுவில் வந்து நின்றாய். "மாமா, நல்லா ஏசுங்க. ஏசி முடிச்சிட்டு பையன வெளிச்சத்துல கொண்டாந்து நிறுத்துங்க. நான் பாக்கணும்" என்றாய். அவர் கை தானாக இறங்கியது. பையனைக் கூட்டிவந்தார். காதுக்குப் பின்னால் இருந்தது, சின்னதாக. வீட்டில் யாரும் கவனித்திருக்கவில்லை. நாம் போகாமல் இருந்திருந்தால் அதுவும் முத்துவின் தலை மாதிரி ஆகியிருக்கும். போகும்போது அவர் மனைவி நமக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடிக்கச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று தடுக்கவும் இல்லை.

பதினாலில் நாலு பிள்ளைகளுக்கு இருந்தது. அதில் ஒருவனுடைய அக்காவுக்கும் இருந்தது, ஒரே சீப்பில் இருவருக்கும் தலை வாரியதால். அந்தப் பெண்ணுக்கு இடுப்பு வரை முடி. அவள் அம்மா மொட்டை அடிக்கவேண்டுமோ என்று பயந்து அழுதாள். "அடிக்கவே வேண்டாம் அத்தே. கிருமி முடி வேருக்குள்ள இருக்கு. மொட்டை அடிச்சாலும் போகாது, மேல பூசுத மருந்தும் அங்கன போய்ச் சேராது. மாத்திரை தின்னாத்தான் உள்ள இருந்து போகும்" என்று நீ சொல்லித் தேற்றினாய். மொட்டை போடுவதாக ஏற்கெனவே நேர்ந்துகொண்ட வீட்டிலோ, "வேண்டுதல நிறைவேத்துங்க, ஆனா மாத்திரைய மட்டும் விட்டுராதீங்க" என்றாய். யார் மனசையும் நீ புண்படுத்தவில்லை. வெள்ளைப்பூண்டு அரைத்துத் தேய்த்துத் தோல் வெந்துபோன பிள்ளையின் தாத்தாவைக்கூட நீ ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இனித் தேய்க்காதீங்க என்றதோடு விட்டுவிட்டாய். எனக்கு வாய் நமநமத்தது. உன்னைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

எல்லாரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மாத்திரை வாங்கினோம். மருந்து கொடுப்பதைவிட மருந்தை நிறுத்தாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை என்று சிகிச்சை நடந்த அந்த இரண்டு மாதத்தில் கற்றுக்கொண்டேன். மாத்திரையைச் சாப்பாட்டோடு, பாலோ முட்டையோ சேர்த்துக் கொடுத்தால்தான் உடம்பில் நன்றாகச் சேருமாம். முத்து மாத்திரையைக் கண்டாலே வாந்தி எடுத்தான். டாக்டரிடம் கேட்டுவிட்டு, நுணுக்கி மட்டி வாழைப்பழத்தில் பிசைந்து கொடுக்கச் சொன்னாய், தின்றான். ஆஸ்பத்திரியில் கொடுத்த ஷாம்பூவை அந்தந்த வீட்டில் எல்லாரும் வாரத்துக்கு இரண்டு தடவை போட்டார்கள். தலையணை உறை, துண்டு எல்லாம் சுடுதண்ணீரில். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நீ சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாய். மூன்றாவது வாரம் முத்துவின் வீக்கம் வற்றி, பூனைமுடி மாதிரி முளைக்க ஆரம்பித்ததும் செண்பகம் மாத்திரையை நிறுத்திவிட்டாள். "அதான் முளைச்சிட்டுல்லா" என்றாளாம். நீ திட்டவில்லை. "முளைச்சது நல்லதுதான்க்கா. ஆனா உள்ள இன்னும் கிருமி சாகல. இப்ப விட்டா மறுபடி மொதல்ல இருந்து திங்கணும். டாக்டர் பாத்து போதும்னு சொல்லுதவரைக்கும் நானே வந்து கொடுக்கட்டா?" என்று கேட்டு, நாலு நாள் நீயே போய்க் கொடுத்தாய். ஐந்தாம் நாள் அவளே கொடுக்க ஆரம்பித்தாள்.

முத்துவையும் அந்த அக்காவையும் சேர்த்து ஆறு பேருக்கும் சரியாகிவிட்டது. எனக்கும்தான். முத்துவுக்கு மட்டும் பின்மண்டையில் ஒரு விரல்நுனி அளவு இடத்தில் முடி வரவில்லை, இனி வராது. வீங்கிப் பழுத்த இடத்தில் தழும்பாகிவிட்டது. நான் அந்தக் களிம்பைக் கொடுக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருந்தால் அந்த இடத்திலும் முடி வந்திருக்கும். செண்பகத்தின் வீட்டுக்குப் போய் அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் பீடி சுற்றிய கையை நிறுத்தாமல், "சரி, போங்க" என்றாள். இன்றுவரை அவள் முத்துவை நம் கடைக்கு அனுப்புவதில்லை. அது அவள் நியாயம். எனக்கு வருத்தம் உண்டு, கோபம் இல்லை.

கடையைத் திறந்த பிறகு ஒரு மாதம் ஈ ஓட்டினேன். ஆனால் நீ சுவரில் எழுதி ஒட்டிய சுத்தம் செய்கிற முறையை மாற்றவில்லை. ஒவ்வொரு தலைக்கும் துவைத்த துணி. மிஷின் பிளேடைக் கழற்றி, முடித்துகளை பிரஷ்ஷால் தட்டி, சோப்புத் தண்ணீரில் கழுவி, பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்து, துடைத்து எண்ணெய் விடுவது. அதற்காக மூன்று ஜோடி பிளேடு. எந்தப் பிள்ளையின் தலையில் செதிலோ சொட்டையோ பார்த்தாலும் மிஷினைத் தொடாமல் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வது. மெல்ல மெல்ல ஆட்கள் வந்தார்கள். இப்போது பாளையங்கோட்டையிலிருந்துகூடப் பிள்ளைகளைக் கூட்டிவருகிறார்கள்.

போன மாதம் சங்கக் கூட்டத்தில் உன்னைப் பேசச் சொன்னார்கள். ஐம்பது கடைக்காரர்கள். மேடையில் நின்று நீ படம் வரைந்து விளக்கிக்கொண்டிருந்தாய். நடுவில் ஒருவர் எழுந்து, "ஒங்க அப்பா கடையிலயே வந்துச்சாம்லா?" என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். எனக்காகத்தான் தயங்கினாய் என்று தெரியும். நான் எழுந்தேன். "ஆமா, வந்துச்சு. எங்கையிலதான் இருந்துச்சு. மறைச்சிட்டு வேலை பாத்தேன். இவதான் கண்டுபிடிச்சா, இவதான் தீத்தா" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்து எல்லாரும் டீ குடிக்கப் போனபோது ஏழு பேர் போகாமல் உன்னிடம் வந்து நின்றார்கள். ஒருவர் கழுத்துப்பட்டையை விலக்கிக் காட்டினார், ஒருவர் பேத்தியின் தலையை போனில் படமெடுத்து வைத்திருந்தார். நீ ஒவ்வொருவரிடமும் எத்தனை நாளாக என்று கேட்டு, எங்கே போகவேண்டும் என்று எழுதிக் கொடுத்தாய். நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நிமிர்ந்து நான் உட்கார்ந்ததில்லை.

நீ போகிற ஊரிலும் என்னைப் போல ஒருவன் வருவான் இசக்கி. வியாதியை முற்றவிட்டு, அதை மறைத்து, பழியை வேறு யார்மீதோ போட்டுக்கொண்டு வருவான். கத்துவான். அவனிடமும் குழாயடியில் என்னிடம் பேசிய மாதிரியே பேசு. உனக்குச் சொல்ல எனக்கு இந்த ஒரு புத்திமதிதான் இருக்கிறது. அதுவும் உன்னிடமிருந்து எடுத்ததுதான்.

நேற்று ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஒரு கடைக்காரர் போன் செய்தார். பிளேடை எவ்வளவு நேரம் ஊறவைக்கவேண்டும் என்றார், சொன்னேன். துணிக்கு என்ன செய்ய என்றார், சொன்னேன். பிறகு, "எங்க வீட்டுல கைக்குழந்தைக்கு இருக்கு, அதுக்கும் அதே மாத்திரைதானா அண்ணாச்சி?" என்று கேட்டார். பழைய ஆளாக இருந்தால் வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன். "எனக்குத் தெரியாது தம்பி. குழந்தைய டாக்டர்ட்ட காட்டுங்க. நான் எம்மகள்ட்ட கேட்டும் சொல்லுதேன்" என்றேன். போனை வைத்தபோது மனசு லேசாக இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில், ஒரு ஆளிடம் எனக்குத் தெரியாது என்று வெட்கமில்லாமல் நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

நேரத்துக்குச் சாப்பிடு. போய்ச் சேர்ந்ததும் அம்மாவுக்குப் பேசு.

உன் அப்பா